போயிட்டு வாரேன்னு சொல்ல ஒரு ஆள்

தளவாய்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் முனீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தையல் ஆறி நீயும் சுகமாக நடமாடுகிறாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுக்கிறேன். தினமும் போனில் பார்க்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல நினைத்ததில் பாதி மறந்துபோகிறது, மீதியைச் சொல்ல உன் அப்பா விடுவதில்லை. கீழத்தெரு சோலைராஜ் அண்ணன் மகன் தனுஷ் அடுத்த வாரம் ஜப்பானுக்கு வேலைக்கு வருகிறான், அவன் கையில் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

தை மாதம் நீ முதியோர் இல்ல வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றுவலியில் மாடிப்படியில் சுருண்டு விழுந்ததையும், கீழ்வீட்டு ஹருகோ அக்கா தன் காரிலேயே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குடல்வால் ஆபரேசன் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்ததையும், நீ வீடு திரும்பிய பிறகுதான் எங்களிடம் சொன்னாய். அன்றைக்கு ஆரம்பித்தார் உன் அப்பா. வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், புள்ளைய வரச் சொல்லு, விழுந்து கெடந்தா ஏன்னு கேக்க நாதி இல்லாத ஊர்ல அவளுக்கு என்ன வேலை என்று, ராஜபாளையம் மில்லுக்குப் போகும்போதும் அதே பேச்சு, வந்த பிறகும் அதே பேச்சு. எனக்கும் அந்தப் பயம்தான், அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த மகராசிக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ நடுவில் நின்று மாற்றிச் சொன்னால் அது நீ சொன்னதாகத்தான் இருக்கும், பெற்றவள் வாயால் வர வேண்டும். அதனால் நீ விட்டுப்போன ஜப்பானிய ஆரம்பப் பாடப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

நீ அடுப்படியில் அதை முணுமுணுத்த காலத்தில் யாருக்குச் செய்வினை வைக்கிறாய் என்று கேலி செய்தவள் நான். இப்போது அவர்களுக்கும் அ, இ, உ, எ, ஒ என்று நம்முடைய ஓசைகள்தான் இருக்கின்றன என்று பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. பேசுகிற வரிசையும் நம்முடையதுதான், நான் சோறு சாப்பிட்டேன் என்பதை அப்படியே அதே வரிசையில் சொல்லலாம். எழுத்துதான் படுத்துகிறது, ஓவர்லாக் மிஷினில் சிக்கிய நூலைப்போல எந்தப் பக்கம் இழுத்தாலும் பிடிபடவில்லை. அதை விட்டுவிட்டேன், வாய்ப்பேச்சு போதும். கம்பெனியில் நைட்டி தைத்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து மிஷின் பாண்டிசெல்வி, என்ன மதினி, ஜப்பான்காரன் ஆர்டர் வந்திருக்கா என்று கேட்டாள். இப்போது அவளும் சூப்பர்வைசரைப் பார்த்தால் ஜப்பான் பாஷையில்தான் காலை வணக்கம் சொல்கிறாள், தன்னைத் திட்டுகிறாளோ என்று அவர் முழிக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனை ஹருகோ அக்கா கையில் கொடுத்தாயே, அதற்கு முந்தின நாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், நாக்கு புரளாமல் பார்த்துக்கொள் தாயே என்று ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டு வந்தேன். அரிகாத்தோ கொசாய்மாஸ் என்று முழுசாகச் சொன்னேன், அவர்களைப்போலவே குனிந்தேன், நெற்றி போய் எதிரே இருந்த வீட்டுத் தையல் மிஷினில் இடித்தது, அந்த அக்கா பதறிப்போனார். இருந்தாலும் நன்றி சொல்லியாயிற்று. முடிக்கும்போதுதான் வந்தது வினை. புத்தகத்தில் சயோனாரா என்று போட்டு, விடைபெறுகிறேன் என்று அர்த்தம் எழுதியிருந்தது. எனக்கு அது வாயில் வரவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டில்தானே போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து வருவோம், என் பிள்ளையைக் காப்பாற்றியவரிடம் அப்படியா முடிப்பது? அதே பக்கத்தில் போய்விட்டு வருகிறேன் என்பதற்கு இத்தெகிமாஸ் என்று ஒரு வார்த்தை இருந்தது, அட, இவர்களுக்கும் நம்ம வழக்கம் இருக்கிறதே என்று சந்தோசப்பட்டு அதைச் சொல்லிவிட்டேன். அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தெராஷ்ஷாய், போய்விட்டு வா என்று மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் நீ விளக்கம் சொன்னபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்வதாம் அது, போனை வைக்கும்போது யாரும் சொல்ல மாட்டார்களாம். தளவாய்புரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அவர் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறேன்! ஆனால் வீட்டுக்காரர் இறந்த பிறகு தன்னிடம் யாருமே அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்று அவர் உன்னிடம் சொன்னாராமே, அதைக் கேட்ட பின் என் தப்புக்காக நான் வருத்தப்படவில்லை. அடுத்த நாள் காலையில் நீ இறங்கும்போது அவர் படிக்குக் கீழே வந்து நின்றிருக்கிறார், நீ இத்தெகிமாஸ் சொன்னாய், அவர் பதில் சொன்னார், அன்றிலிருந்து தினமும் நிற்கிறார். போன வாரம் லீவு நாளில் நீ அசந்து தூங்கியபோது, கிளம்பும் நேரம் தாண்டியும் ஆளைக் காணோமே என்று மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார், தூக்கம் கெட்டது என்று என்னிடம் அலுத்துக்கொண்டாய். ஏட்டி, அதற்குப் போய் அலுப்பா? நான் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். உன் அப்பாவிடமும் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அப்பம் சரி, ஒப்பந்தம் போட்ட மூணு வருசத்தையும் முடிச்சிட்டே வரட்டும் என்றார். அதற்குப் பிறகு உன்னை வரச் சொல்லும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பொட்டலத்தில் இருப்பது ஹருகோ அக்காவுக்கு நானே தைத்த பருத்தி நைட்டி. அளவு தெரியாமல் பாண்டிசெல்வி மேல் வைத்து அளந்து வெட்டினேன், தொளதொளவென்று இருந்தால் பக்கவாட்டில் பிடித்துக் கொடு. படுக்க மட்டும் இல்லை, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நாங்கள் கடை வரைக்கும் போவோம் என்று சொல், துண்டும் வைத்திருக்கிறேன். பால்கோவா உங்கள் இருவருக்கும், கெடுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், தனுஷ் வழியில் பிரிக்காமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கனமான எதையும் தூக்காதே, அங்கே முதியவர்களைத் தூக்கி உட்கார வைக்கும்போது இன்னொருத்தரைக் கூப்பிட்டுக்கொள்.

கைகால் சுகத்தோடு நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் மகளே, ஹருகோ அக்காவுக்கும் அதே ஆசீர்வாதம், என்னைவிட மூத்தவர் என்பதால் அதை வணக்கமாகச் சொல்லிவிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, எவ்வளவு அவசரமானாலும் அவரிடம் சொல்லாமல் படி இறங்காதே. ஒரு நாள் நீ கண்ணில் படாவிட்டால் தேடுவதற்கு அந்த ஊரில் ஒரு ஆள் இருக்கிறார். நான் இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன்.

இப்படிக்கு உன்னைப் பெற்றவள்,
கா. வெள்ளைத்தாய்