சொட்டாத புடவை

ஐப்பசி 8, திங்கள். காலையிலிருந்து தூறல்.

கோடு போட்ட நோட்டுதான். எழுத்து மட்டும் கோட்டில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. நோட்டே, கோபப்படாதே. இது முப்பது வருஷம் ரிக்‌ஷா ஹேண்டில்பார் பிடித்த கை, பேனா பிடித்து ஆறு மாசம்தான் ஆகிறது. மாலை வகுப்பில் என்னைவிட மோசமாக எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். அதில் ஒரு சந்தோஷம்.

என் மனைவி சரோஜாவுக்கு நேற்று சாயந்திரத்திலிருந்து காய்ச்சல். ‘சரோஜா’ என்று எழுத வெகு நேரம் பிடிக்கிறது. இனி ‘ச.’

உடம்பெல்லாம் வலி என்கிறாள். எதிர்வீட்டு நசீமா வந்து பார்த்தாள்.

“இது அதான்ணா. அந்த வருஷம் வந்துச்சே, சிக்குன்குனியா. மறுபடி வந்துகினு கீது.” தன் முட்டி வலி மாத்திரையில் இரண்டு கொடுத்தாள்.

அந்த வருஷம்! எங்கள் கால்வாய்க்கரையே குனிந்து நடந்தது. யாருக்கும் விரல் மடங்காது. ச. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் காபி குடிப்பாள். நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். பின்னலா அது! பெண்களால் துணி பிழிய முடியாது. கால்வாய்ச் சுவரில் புடவைகள் சொட்டச் சொட்டத் தொங்கும். எந்த வீட்டுப் புடவை சொட்டுகிறதோ அந்த வீட்டுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் எண்ணிச் சிரிப்போம். வலியிலும் அப்படிச் சிரித்தோம். அந்த வீடுகளில் பாதியை இடித்து, ஆட்களை ஊருக்கு வெளியே குடியமர்த்திவிட்டார்கள். சுவரில் இப்போது நாலு புடவைதான்.

ச. சொன்னால் கேட்காமல் காலையில் எழுந்து தன் புடவையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. முறுக்கிப் பிழிந்திருக்கிறாள்.

அப்படியென்றால் அது இல்லையே?

மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“இன்னாய்யா, நாலு எழுத்து படிச்சதும் டாக்டராயிட்டியா? குடுய்யா.”

“காலைல ஆஸ்பத்திரி போலாம்மே. அதுவரைக்கும் பொறு.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி 9, செவ்வாய். மழை இல்லை. புழுக்கம்.

சுகாதார நிலையம். கூட்டம். சுவரில் ஒட்டியிருந்ததை நானே படித்தேன்! எழுத்துக் கூட்டி, சத்தமாக. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

எழுதிக்கொண்டது:
டெங்கு – கண்ணுக்குப் பின்னால் வலி. எலும்பு முறிகிற மாதிரி வலி. தோலில் சிவப்புப் புள்ளி.
சிக்குன்குனியா – மூட்டு வீக்கம். விரல் மடங்காது.
ஜிக்கா – காய்ச்சல் கம்மி. கண் சிவக்கும்.
மூன்றுக்கும் ஒரே கொசு. பகலில் கடிக்கும்.

ச.வைக் கேட்டேன். ஆமாம், கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கிறதாம். நர்ஸம்மாவிடம் புடவைக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“நல்லாத்தான் பாத்திருக்கீங்க தாத்தா. ஆனா புடவைய வெச்சு முடிவு பண்ணக்கூடாது. ரத்தம் பாத்தாதான் தெரியும்.”

பார்த்தார்கள். டெங்கு.

பாராசிட்டமால் மட்டும் கொடுக்கணுமாம். நசீமாவின் மாத்திரையைக் காட்டினேன். நர்ஸம்மா சிரிப்பை நிறுத்தினார். “இதைப் போட்டிருந்தா ரத்தம் கசிஞ்சிருக்கலாம். தொடவே கூடாது.”

இன்னொன்றும் சொன்னார். காய்ச்சல் விட்ட பிறகுதான் அதிகக் கவனம் வேண்டுமாம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில். ஒன்று வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி. கட்டம் கட்டி எழுதிவிட்டேன்.

ஐப்பசி 11, வியாழன்.

காய்ச்சல் அப்படியே. கஞ்சி, இளநீர், மோர். ச. பேசவில்லை. கோபமா அசதியா தெரியவில்லை. தலை பின்னிவிட்டேன். இப்போது என் விரல் நன்றாக மடங்குகிறது, பின்னல் மட்டும் அதே கோணல்.

ஐப்பசி 12, வெள்ளி. வெயில்.

காலையில் காய்ச்சல் இல்லை! நசீமா சேமியா கொண்டுவந்தாள். ச. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணி லாரிக்குக் கிளம்பினாள். தடுத்தேன், கேட்கவில்லை.

பத்து மணிக்குள் மூன்று வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வெறும் வயித்துல சூடு ஏறிகீதுண்ணா. காய்ச்சல்தான் வுட்டுச்சே, மோர் குடு” என்றாள் நசீமா.

கையைத் தொட்டேன். ஐஸ். நோட்டைத் திறந்து கட்டத்தைப் படித்தேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் ஓடுகிறது, இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. மூன்று பொருந்தின. ஆட்டோ.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டில் நோயாளி பேர் எழுதச் சொன்னார்கள். வழக்கமாக வேறு யாரையாவது எழுதச் சொல்லிக் கட்டைவிரலை நீட்டுவேன். இன்று நானே எழுதினேன். பின்னால் வரிசையில் திட்டினார்கள். சுருக்கவில்லை. சரோஜா.

ஐப்பசி 13, சனி.

ஊசி வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. கண் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் கை நடுங்குவது தெரியாது, என் எழுத்து எப்போதும் இப்படித்தானே.

அந்த வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்திருந்தோம். இந்த முறை அவள் மட்டும்.

ஐப்பசி 14, ஞாயிறு.

“யோவ், இன்னா கிறுக்கினு கீற?” என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு!

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். “காய்ச்சல் விட்டா எல்லாரும் வீட்லயே இருந்துடுவாங்க. நீங்க சரியான நேரத்துக்கு வந்தீங்க” என்றார். என் எழுத்தை அவர் படித்துவிட்டார். அவர் எழுத்துதான் எனக்குப் புரியவில்லை.

ஐப்பசி 17, புதன். லேசான வெயில்.

நேற்று வீடு வந்தோம். ச. படுத்தபடி அதிகாரம் செய்கிறாள். ஆஸ்பத்திரிப் புடவையை நான் துவைத்துச் சுவரில் போட்டேன். எதிர்வீட்டிலிருந்து நசீமா கத்தினாள்:

“அண்ணா! பொடவ சொட்டுது! உனக்கு சிக்குன்குனியாவா?”

உள்ளே ச. சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆனால் இது சிரிப்பு. அந்த வருஷத்துச் சிரிப்பு.

வருகிற செவ்வாய் மறுபடி ரத்தம் பார்க்கணும். ரத்தத்தில் தட்டணு எவ்வளவு என்று வரும் எண்ணை இங்கேதான் எழுதுவேன். இப்போது கூப்பிடுகிறாள், புடவையை மறுபடி பிழியணுமாம்.