மூன்றாவது பாட்டின் நாலு தட்டு

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அதெல்லாம் கிடக்கட்டும். விஷயம் நீ விட்டுப்போன, அட்டையில் மண்டையோடு போட்ட அந்த ஹெவி மெட்டல் ஆல்பம். நீயும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு தலையை ஆட்டும்போது, இது பாட்டா, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழையா என்று நான் திட்டாத நாள் இல்லை. அவனுங்க என்ன வேகத்துல போனாலும் ஒருத்தன் கால ஒருத்தன் மிதிக்கல பாரு என்பார் அப்பா. மூன்றாவது பாட்டில் எல்லாம் சட்டென்று நின்று, டிரம்ஸ்காரன் மட்டும் சிம்பல் தகட்டில் மெல்லிசாக நாலு தட்டு தட்டுவானே, அப்புறம் மொத்தமும் வந்து விழுமே, அந்த நாலுக்கும் மேஜையில் விரல் போட்டு, விழும் இடத்தில் உள்ளங்கையால் அறைவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இப்போது விரல் சும்மா இருக்கிறது, எல்லாம் விழுந்த பிறகு திடுக்கிட்டு அறைகிறார். கேட்டால் சிடி தேஞ்சு போச்சு, சின்னக்குட்டிய புதுசு அனுப்பச் சொல்லணும் என்கிறார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டேன், ஒரு கீறல் இல்லை. நேற்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன். திரும்பவே இல்லை. பேச்சு கேட்கிறது, மெல்லிய கிணுகிணுப்புதான் அவர் காதில் விழவில்லை.

பயம் அவர் பட்டறை வேலையை நினைத்துத்தான். இப்போது தகடு வெட்டும் சின்ன மெஷினில் இருக்கிறார், அதை அவரே காலால் மிதித்து ஓட்டுவதால் கை பிழைத்தது. அடுத்த மாதம் பெரிய மெஷினுக்கு மாற்றுகிறார்களாம். அதை ஓட்டுவது எதிர்ப்பக்கம் நிற்கும் ஆள். பிளேடு இறங்குமுன் மெல்லிசாக மணி அடிக்கும், அதைக் கேட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். மனுஷன் பதவி உயர்வு வந்த மாதிரி பூரித்துப் போயிருக்கிறார்.

அவர் வேலைக்குப் போனதும் நானே அந்த ஆல்பத்தைப் போடுகிறேன், சிரிக்காதே. நாலு தட்டு இருக்கிறதா என்று பார்க்கத்தான் போட்டேன். இருக்கிறது, கணீரென்று இருக்கிறது. ஆனால் அணைக்க மனம் வரவில்லை. பயமென்றால் பயம் என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள், யாரையும் சமாதானப்படுத்த மெனக்கெடவில்லை. வாயைத் திறக்காமல் பயந்துகொண்டிருக்கிற எனக்கு அது முடியும் வரையாவது மூச்சு விட முடிகிறது. நீங்கள் எதற்குக் கதவைச் சாத்தினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

காதைக் காட்டுங்கள் என்று நான் சொன்னால், உனக்கு அந்தப் பாட்டே புடிக்காது என்று அடக்கிவிடுவார். இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமையே போனில் அவரோடு சேர்ந்து அந்தப் பாட்டைக் கேள், எத்தனை தட்டு அப்பா என்று நீ கேள். அவரைக் காது டாக்டரிடம் போக ஒத்துக்கொள்ள வை. புது சிடி மட்டும் அனுப்பிவிடாதே. நீயும் காதில் மாட்டிக் கேட்பதைச் சத்தம் குறைத்துக் கேள். அவர் மசியவில்லை என்றால் மெஷின் மாற்றும் அன்று காலையில் நானே போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் என்னோடு பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும், பத்து விரலோடு இருக்கட்டும்.

நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா