ஃபேன் சத்தத்துக்கு அடியில் உன் குரல்

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதினேன். சூடுபட்ட தூசியின் வாசம் அறை முழுக்கப் பரவியதும் உன் நினைவு வந்தது. ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நாம் முன்பக்கத்தில் பொருத்திய திருகு இன்னும் வேலை செய்கிறது.

சங்கராபுரம் வட்டாரத்தில் உன் முகத்தைவிட உன் குரல்தான் பலருக்குத் தெரியும். கடைத் திறப்பு, திருவிழா, துக்கச் செய்தி எல்லாவற்றையும் என் சின்ன ஒலிப்பதிவு அறையில் நீ பேசுவாய். அது ஆட்டோ ஒலிபெருக்கியில் மணலூர்பேட்டை வரை போகும். கம்ப்யூட்டர் ஃபேன் இரைகிறதே என்று நான் அலுத்துக்கொண்டால், "ரோட்டுல ஓடற ஆட்டோவுல இது யாருக்குடா கேக்கப் போவுது?" என்பாய்.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். நீ நேராக என்னிடம் வந்தாய். "ஆபரேஷனுக்கு முன்னாடி எம் பொண்ணு பாப்பாவுக்குப் பேசி வெக்கணும். இதுல எரைச்சல் இருக்கக் கூடாது" என்றாய்.

ஃபேனைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்து பார்த்தோம். ஷீட் கூரை, சாத்திய கதவு. கொஞ்ச நேரத்திலேயே மெஷின் சூடாகி நின்றுவிட்டது. இரைச்சலை சாஃப்ட்வேரில் வடிகட்டினேன். உன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வாங்க, இருவரும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் தானியங்கி ஒன்றை எடுத்து வைத்தார். "சூடு ஏறுனா ஃபேனும் தானா ஏறும்ங்க. கவலையே இல்ல."

"நான் பேசிக்கினு இருக்கும்போதே ஏறுனா இன்னா பண்றது? கையால திருவறது இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஆனா கொறச்சு வெச்சுட்டு மறந்தீங்கன்னா மெஷின் போயிடும்."

நீ என்னைக் காட்டினாய். "மறக்க மாட்டான். எதுர்லதான் ஒக்காந்துக்கினு இருப்பான்."

அவர் சொன்னபடி, மெதுவாகச் சுற்றினாலும் நிறையக் காற்று தள்ளும் பெரிய ஃபேன் ஒன்றும் வாங்கினோம். நீ பேசும்போது திருகைக் குறைத்தேன். நீ தண்ணீர் குடிக்கும்போது ஏற்றினேன். கதை ஏதாவது சொல்வாய் என்று நினைத்திருந்தேன். நீ பேசியதோ இவ்வளவுதான்: "பாப்பா, எழுந்துரு, வேன் வந்துடும்." "தல வாரிக்கினியா?" "சாப்ட்டியா? பொய் சொல்லாத."

ஆபரேஷனுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையில் அவள் கட்டில் அருகே நின்று போனில் அந்தப் பதிவை அழுத்துவாய். உன் குரல் எழுப்பும். அவள் போனைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வாள்.

நோய் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோனது. உன் துக்கச் செய்தியை வேறொருவர் பேச, நான்தான் பதிவு செய்தேன். வேலை முடிந்ததும் வெளியே போய் நின்றேன்.

பாப்பாவுக்கானதெல்லாம் அவளிடம் இருக்கிறது. என்னிடம் ஒரு துண்டு மட்டும். கடைசி நாள் பேசி முடித்தபின் நான் மைக்கை உடனே நிறுத்தவில்லை. "போதும்டா, ஃபேன ஏத்து. பாவம், மெஷின் வெந்துக்கினு இருக்குது" என்கிறாய். நான் திருகுகிறேன். அதன்பின் நீ எனக்கு ஏதோ சொல்கிறாய். ஏறிவரும் இரைச்சலில் அது விளங்கவில்லை. வடிகட்டினால் வார்த்தை தெரியலாம், ஆனால் குரல் உன்னுடையதாக இருக்காது. அதனால் அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.