முழங்காலுக்குப் பின்னால்

பிப்ரவரி 11
மூன்றாவது ரவுண்டில் இடது கெண்டைக்கால் மறுபடியும் கல்லாகிவிட்டது. உதைக்கத் தூக்கினேன், எழவில்லை. எதிராளி விட்ட குத்தில் உதடு கிழிந்து இரண்டு தையல். உடை மாற்றும் அறையில் அண்ணன் – எனக்குக் கிக்பாக்ஸிங் கற்றுத்தருபவனும் அவன்தான் – அதே காலில் பிரம்பால் விளாசினான். "எத்தனை நாளைக்குடி இந்த நொண்டிச் சாக்கு?"

பிப்ரவரி 14
ஸ்கேன் எடுத்தார்கள். அசையாமல் படுத்திருந்தேன். ரத்த ஓட்டம் சீராம். அண்ணன் ரிப்போர்ட்டை என் முகத்தில் எறிந்தான். "கால்ல ஒண்ணுமில்ல. உடம்பெல்லாம் கொழுப்பு!"

பிப்ரவரி 20
ஓடினால் வலி. நின்றால் போய்விடுகிறது. நிஜமாகவே நடிக்கிறேனோ?

மார்ச் 2
மாடியில் பயிற்சி. பாதம் வெளுத்துச் சில்லிட்டது. உட்கார்ந்துவிட்டேன். "எந்திரி" என்று அண்ணன் கெண்டைக்காலில் மிதித்தான். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவதற்குக் காலை ஓங்கியபோது எழுந்து முழங்கையால் அவன் மூக்கில் இடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் ரத்தம். அம்மா ஓடிவந்து நடுவில் விழுந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொன்னுட்டுப் போங்க!"
அடிச்சது நான்தான். ஏன் எனக்கு வருத்தமே வரல?

மார்ச் 5
அம்மா வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மூக்கில் கட்டோடு அண்ணனும் வந்தான். டாக்டரம்மா கேட்டார்: "எப்ப வலிக்குது?"
"உதைச்சா. ஓடினா."
"அப்ப சும்மா படுக்கவெச்சுப் பாத்தா என்ன தெரியும்?"
குப்புறப் படுக்கச் சொல்லி, ஸ்கேன் கருவியை முழங்காலுக்குப் பின்னால் வைத்தார். உஷ் உஷ் என்று ரத்தம் ஓடும் சத்தம். "பாதத்தால என் கையைத் தள்ளு. இன்னும். விடாத."
சத்தம் நின்றது. திரையில் சிவப்பு அணைந்தது. பாதத்தைத் தளர்த்தினேன், திரும்ப வந்தது.
பிறவியிலேயே தசை இடம் மாறி வளர்ந்திருக்கிறதாம். உதைக்கும்போதெல்லாம் ரத்தக்குழாயின் கழுத்தை நெரிக்கிறதாம். அபூர்வமாம். "இப்படியே விட்டிருந்தா குழாய்ல ரத்தம் உறைஞ்சு, காலையே எடுக்கவேண்டி வந்திருக்கும். ஆமா, இந்தக் கன்னிப்போன தடமெல்லாம் ஏது?"
அண்ணன் மூக்குக் கட்டைச் சரிசெய்தான்.
"அண்ணன் அடிச்சான்" என்றேன்.

மார்ச் 19
ஆபரேஷன். அந்தத் தசையை வெட்டிவிட்டார்கள். உயிர் போகிற வலி. ஆனால் பாதம் சூடாக இருக்கிறது.

ஜூன் 4
வலது காலுக்கும் இன்று ஸ்கேன். சிலருக்கு இரண்டிலும் இருக்குமாம். அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தான்.
"வேணாம். அம்மாகூடப் போறேன்."
"சாயங்காலம் பயிற்சி?"
"வேற இடத்துல சேந்துட்டேன்."
கையை ஓங்கினான். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்ற கை, தானாகவே இறங்கியது.
அம்மா எப்போதோ செருப்பு மாட்டி, வாசலில் நின்றிருந்தாள். "வாடி, நேரமாச்சு."