பக்கத்தில் இன்றைய பேப்பர்

அத்தை,

இன்று காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. ராஜஸ்தானில், பீகானேரில் உங்கள் வீட்டு மொட்டை மாடி. சுவரோரம் புது ஏசியின் வெளிப்பெட்டி. அதன்மேல் ஒரு ஹிந்தி செய்தித்தாள், பறக்காமல் இருக்க இரண்டு செங்கல் துண்டுகள். யாரும் கேட்காமல் வியாஸ்ஜி அனுப்பியிருக்கிறார். நான் ஒரு காலில் ஷூவோடு நின்று, படத்தைப் பெரிதாக்கி, பேப்பரின் மூலையில் தேதியைத் தேடினேன்.

“பஸ் போயிடும்டீ. அதுல என்ன பரீட்சைக் கேள்வியா வந்திருக்கு?” என்றாள் அம்மா.

தேதியை முதலில் தேடியது ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

மாமா ரயில்வேயில் இருந்தபோது கட்டிய வீடு அது. மாமா காலமான பிறகு அதை ஓய்வுபெற்ற ஆசிரியரான வியாஸ்ஜிக்கும் அவர் மனைவிக்கும் வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் பெங்களூரில் ஜோகுபாளையத்துக்கு எங்களோடு வந்தீர்கள். எங்களுக்கு ஏசி கிடையாது. ஏப்ரலிலும் ஃபேனே போதும். அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஒரு பாலைவனத்து வீட்டின் வெப்பத்தையும் குளிரையும் பார்த்துக்கொண்டீர்கள். “ஹோலி வந்தா அங்க அடுப்பு. தீபாவளி போனா ஐஸ் பெட்டி. ரெண்டுக்கும் முன்னாடி நாம முழிச்சுக்கணும்.”

நீங்கள் யாரையும் நம்பவில்லை. ஆட்டோவில் ஏறினால் வழி நெடுக மீட்டரை முறைப்பீர்கள். அல்சூர் மார்க்கெட்டில் தக்காளிக்காரர் தராசைத் தூக்கினால் நீங்கள் குனிந்து தட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பீர்கள். “அம்மா, அடியில ஏனு இல்லம்மா, காத்துதான் இருக்கு,” என்று அவர் கன்னடம் கலந்து சொல்லிச் சிரிப்பார். “அந்தக் காத்துக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?” என்பீர்கள்.

உங்களுக்கு ஹிந்தி நன்றாகப் பேச வரும், எழுத வராது. பள்ளியில் ஹிந்தி படிக்கும் நான்தான் உங்கள் எழுத்தர்.

“எழுது. ஏசி ஃபில்டரைக் கழுவி, காயவெச்சு, படம் எடுத்து அனுப்பவும். பக்கத்துல இன்னைக்குப் பேப்பர் இருக்கணும்.”

“ஆளைக் கடத்தினவங்கதான் இப்படிப் படம் அனுப்புவாங்க அத்தை.”

“கடத்தினவன்கூட ஒழுங்கா அனுப்பிடுவான். குடியிருக்கறவன் போன வருஷத்துப் படத்தை அனுப்புவான்.”

படம் வந்ததும் நான் ஃபில்டரின் வலைக்கண்களில் மணல் இருக்கிறதா என்று பார்ப்பேன். நீங்கள் என் கையைத் தட்டுவீர்கள். “அதைப் பாக்காத. அது எங்கயும் ஓடாது. தேதியப் பாரு.”

வெளிப்பெட்டிக்கு உங்கள் சட்டம் தனி. தீபாவளி முடிந்ததும் அதற்குக் கித்தான் உறை போட்டுக் கட்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க ஓடாமல் கிடக்கும் பெட்டிக்குள் மணலும் புறாவும் புகுந்துவிடும். ஹோலிக்கு மறுநாள் அவிழ்க்க வேண்டும். ஒரு வருடம் யாரோ ஒரு மெக்கானிக், பெங்களூர் அம்மா அனுப்பினார்கள் என்று சொல்லி உள்ளே வந்து, உறையைப் பிரித்து, நன்றாக ஓடிய ஃபேன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து உங்கள் வாயால் சொல்லாமல் வியாஸ்ஜி கூட அந்த முடிச்சைத் தொடக் கூடாது. ஹோலிக்கு மறுநாள் காலையில் நீங்களே போன் செய்வீர்கள். “வியாஸ்ஜி, திறந்துடுங்க.” அவ்வளவுதான், வைத்துவிடுவீர்கள்.

இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் நீங்களும் மாமாவிடம் போய்விட்டீர்கள். அப்பா வியாஸ்ஜிக்குப் போன் செய்து சொன்னார். அதே போனில், வீட்டை விற்கலாம் என்று இருப்பதாகவும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டாமே என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஹோலி கழிந்து செய்திகள் வர ஆரம்பித்தன. ஏசி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. மனைவிக்கு ஏற்கெனவே நுரையீரல் சரியில்லை, இந்த வெப்பத்தில் மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு செய்தியும் ஒரே மாதிரி முடிந்தது: அத்தைஜியைப் பேசச் சொல்லுங்கள்.

“புதுசு வாங்கிக் குடுன்னு நேரா கேக்க வேண்டியதுதானே. எதுக்கு இந்தச் சுத்து?” என்றார் அப்பா.

“போனவங்களைப் பேசச் சொல்றாரே. இதுல என்னமோ இருக்குங்க,” என்றாள் அம்மா.

அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்று புரோக்கர் சொன்னார். அப்பா சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தார். எனக்கும் சந்தேகம்தான். தெரிந்துகொண்டே உங்கள் பெயரை எழுதி எங்களைக் கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தேன். அதனால் நீங்கள் செய்வதைச் செய்தேன். வெளிப்பெட்டியைப் படம் எடுத்து அனுப்பவும், பக்கத்தில் இன்றைய பேப்பர்.

மத்தியானம் படம் வந்தது. தேதி சரி. பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். கித்தான் உறை அப்படியே இருந்தது. தீபாவளிக்குக் கட்டிய முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. வீட்டுக்குள்ளிருந்து இழுத்த வெப்பத்தை வெளியே தள்ள வழியில்லாமல் அந்தப் பெட்டி உள்ளுக்குள்ளேயே கொதித்து நின்றுபோயிருக்கிறது.

போன் செய்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். “உறையை ஏன் திறக்கல அங்கிள்?”

“அத்தைஜி சொல்லலையேம்மா.”

“அத்தை இல்லையே. அப்பா உங்ககிட்ட சொன்னாரே.”

“சொன்னார். வீட்டை விக்கப் போறோம்னும் சொன்னார்.” ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். “விக்கணும்னு நினைக்கறவங்க என்ன வேணா சொல்லலாம். எனக்கு எப்படித் தெரியும்? அவங்க ஊர்லயே இல்லாம இருக்கலாம். கேட்டா, ஏன் யார் பேச்சையோ கேட்டு அவிழ்த்தேன்னு என்னைத்தான் திட்டுவாங்க.”

அவருக்குப் பின்னால் அந்த அம்மா இருமிக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பேசிய பேச்சு முழுக்க உங்கள் பேச்சு. இத்தனை வருடம் அவர் சொன்ன எதையும் நீங்கள் படம் இல்லாமல் நம்பியதில்லை. அவர் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

ஹாலில் உங்கள் படத்துக்கு அம்மா போட்டிருந்த மல்லிகை வாடத் தொடங்கியிருந்தது. நான் அன்றைய பேப்பரை எடுத்து, தேதி தெரிகிற மாதிரி மடித்து, படத்தின் மேல் சாய்த்து வைத்தேன்.

“விளக்கு எரியற இடத்துல பேப்பரை வெக்கற. என்னடீ பண்ற?”

“நிரூபிக்கறேன்மா.”

“யாருக்கு?”

“அத்தை ஆளுக்கு.”

அம்மா விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

போனில் படம் எடுத்தேன்; உங்கள் படத்தின் கண்ணாடியில் என் கையும் தெரிந்தது. அனுப்புவதற்கு முன் பழக்கத்தில் பெரிதாக்கித் தேதியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. பக்கத்தில் மாலைக்குள் நீங்கள். அந்த நிமிடம் வரை எனக்கும் முழுதாக நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. அனுப்பிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, “திறக்கட்டுமா?” என்றார்.

அவர் என்னைக் கேட்கிறார் என்று புரியவே எனக்கு நேரமானது. அப்பா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வியாஸ்ஜி, திறந்துடுங்க,” என்றேன்.

உறையை எடுத்து, உள்ளே அடைந்திருந்த மணலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதும் பழைய ஏசி அந்த வெயில் காலத்தை ஓட்டிவிட்டது. புரோக்கர் கூப்பிட்டபோது அப்பா போனை எடுக்கவில்லை. “இந்த மாதிரி ஆள் நமக்கு எங்க கிடைப்பான்,” என்று மட்டும் சொன்னார். இப்போது தீபாவளிக்குப் பிறகு, அந்த அம்மாவுக்குக் குளிரும் ஆகாது என்பதால், குளிரும் சூடும் இரண்டும் தருகிற ஏசி மாட்டியிருக்கிறோம். குளிர்காலத்திலும் ஓட வேண்டியது, அதனால் உறை கூடாது. நீங்கள் இதற்கு ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டீர்கள். உங்கள் சந்தேகம் அந்த அம்மாவைக் காப்பாற்றியதா, மூச்சுத் திணற வைத்ததா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

இன்று காலை ஷூவை மாட்டிக்கொண்டே வியாஸ்ஜிக்கு எழுதினேன். இனிமேல் பேப்பர் வைக்க வேண்டாம் அங்கிள், நாங்கள் நம்புகிறோம்.

நான் பஸ்ஸில் இருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, பதில் நிதானமாகத்தான் வந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தேன்.

“அந்தப் பேப்பர் உனக்கு இல்லைம்மா.”

தேதி சரியாக இருக்கிறது, அத்தை. பார்த்துவிட்டேன்.