கம்பிக்குக் கீழே ஒரு வீடு

பிரிக்பீல்ட்ஸ்,
3 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி தங்கமணிக்கு,

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், காகிதமாவது உன் கைக்கு வரட்டும். இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணிக்குத்தான் முழங்கால் வலி.

அப்பா நம் இருவர் பேரிலும் விட்டுப்போன நிலத்தின் மேல் மின்கம்பி போகிறது, இழப்பீடு தருகிறார்கள். நல்ல காரியம்தானே? நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ போடாமல் ஏன் இழுத்தடிக்கிறாய்?

உன் அண்ணன்,
சுகுமாறன்

பந்திங்,
11 மார்ச்

அண்ணே,

அண்ணிக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடு. அதற்கும் உனக்கு நேரமிருக்காது.

இழப்பீடு விஷயமாக ஆபீசர் வந்தார். என் வாசலில் உட்கார்ந்து, நான் கலக்கிக் கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே, "ஆன்டி, இது காலி நிலம்னு உங்க அண்ணன் எழுதிக் கொடுத்திருக்காரே" என்றார். காலியா? இந்த நிலத்தில் நிற்கிற வீட்டின் சிமெண்டுத் தரை நானும் என் வீட்டுக்காரரும் போட்டது. அவர் போன பிறகும் நான் குடியிருக்கிற வீடு. கம்பிக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாதாம். நான் எங்கே போவேன்?

பணம் கிடக்கட்டும். என்னை இல்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

தங்கமணி

பிரிக்பீல்ட்ஸ்,
20 மார்ச்

தங்கமணி,

உன் கடிதம் படித்தேன். சத்தியமாக உன் பங்குக்கு ஆசைப்பட்டு எழுதவில்லை. அது விவசாய நிலம், வீட்டுக்குப் பெர்மிட் வாங்கவே இல்லை. தெரிந்தால் நிலத்தையே பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தேன். நம் ஆள்கள் ஆபீஸ்காரனைக் கண்டாலே வீட்டை மறைக்கத்தானே பார்ப்பார்கள்! உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். புத்தி கெட்டுப்போச்சு.

திங்கட்கிழமை ஆபீசரைப் பார்க்க வருகிறேன். நீயும் வா. வீடு போனால் என்னோடு வந்து இரு.

அண்ணன்

பந்திங்,
2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆபீசர் முன்னால் நின்று, "பெர்மிட் இல்லாத வீடுதான் சார். ஃபைன் போட்டா என் பேர்ல போடுங்க. ஆனா அங்க என் தங்கச்சி குடியிருக்கா" என்றாயே, என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

இன்று பதில் வந்தது. அபராதம் இல்லை. பிளான் இல்லாததால் வீட்டுக்குக் கொஞ்சம்தான் தருவார்களாம். வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதேன். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அங்கே வந்து இருக்கச் சொன்னாய். உன் மாடி வீட்டில் எனக்கு மூச்சு முட்டும் லா. நிலத்தில் கம்பி போகாத மூலை ஒன்று இருக்கிறது. அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்கிறேன், இந்தத் தடவை பெர்மிட்டோடு. மனு ஃபாரமெல்லாம் வாங்கி வைத்துவிட்டேன்.

அதில் யார் குடியிருப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதவில்லை. நீ வந்து உன் கையால் எழுது.

உன் தங்கச்சி,
தங்கமணி