தெற்கு பார்த்த பீங்கான்

யான்பு, சவூதி
12.3.1986

அன்புள்ள வஹிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதே. முதலாளி வீட்டுக் குளியலறையில் காங்கிரீட் தரையை வெட்டிக் கக்கூஸ் பீங்கான் பதித்தேன். தொழும் திசையான கிப்லாவை நோக்கியோ, அதற்கு முதுகு காட்டியோ உட்காரக் கூடாதல்லவா? அதனால் வழக்கம்போல் தெற்கு பார்க்க வைத்து, சிமெண்டும் பூசிவிட்டேன். கூட வேலை செய்யும் பொம்மிடி முனியப்பன் எட்டிப் பார்த்தான்.

"என்னங்க ஜமீரு, தெனம் அஞ்சு வேளையும் தெக்கு பாத்துத்தானே தொழுவுறீங்க? இங்க மக்கா தெக்காலதானுங்களே இருக்குது!"

தொழும்போது தெரிகிறது. உளியை எடுத்தால் நான் மக்கா மேற்கே இருக்கும் நம் அரூரில்தான் இருக்கிறேன். சிமெண்ட் இறுகுவதற்குள் பெயர்த்தெடுத்துக் கிழக்கு பார்க்கத் திருப்பினோம்.

பீங்கான் பதிக்க நம் குளியலறைத் தரையையும் நானே வெட்டுவேன். வேறு கொத்தனாரை விடாதே. உன் தையல் நூலால் தரையின் நீள அகலம் அளந்து, அந்த நூலையே கடிதத்தில் வைத்து அனுப்பு. அளவை எழுதினால் மட்டும் போதாது.

"வூட்டுக்குள்ள எதுக்குடா அது?" என்று அம்மா சண்டை பிடிக்கும். பிடிக்கட்டும். பெருநாளுக்கு லீவு கிடைத்துவிட்டது. வெளிக்குப் போக எப்போது இருட்டும் என்று நீங்கள் இருவரும் காத்திருந்தது போதும்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. நூலை மறக்காதே. அங்கே என் கை திசை தவறாது.

உன் ஜமீர்